இரண்டு மருந்து, ஒரு மாத்திரை

இந்தப் பக்கத்தில் வழக்கமாக இலக்கணம், வகுப்பறை, சிங்கப்பூரின் பழைய தெருக்கள் ஆகியவற்றைப் பற்றித்தான் எழுதுவேன். மருந்தைப் பற்றி எழுத நேரும் என்று எண்ணியதில்லை. எழுத வைத்தவர் ஒரு தாய்.

தேக்காச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து "டீச்சர்" என்று ஒரு குரல். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவரின் அம்மா. தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்டதும் முகம் வாடிவிட்டது. மனச்சிதைவு நோய் என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். "மாத்திரை சாப்பிட்டப்ப நல்லாத்தான் இருந்தான் டீச்சர். உடம்பு பெருத்துப்போச்சு, ஒரு சட்டையும் சேரலை. அதனால யாருக்கும் தெரியாம நிறுத்திட்டான்." பிறகு கைப்பேசியை எடுத்து ஓர் ஆங்கிலக் கட்டுரையைக் காட்டினார். எடை அதிகம் ஏறாமல் இருக்க இன்னொரு மருந்தையும் சேர்த்து ஒரே மாத்திரையாக அமெரிக்காவில் வந்திருக்கிறதாம். "இதைப் படிச்சுத் தமிழ்ல சொல்றீங்களா?"

நான் மருத்துவர் அல்லேன். ஆனாலும் அன்று இரவு அதைப் படிக்க உட்கார்ந்தவன், ஒன்றிலிருந்து ஒன்றாக நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிப் போய்விட்டேன். அந்த வரலாற்றின் முக்கியமான சில பக்கங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. அந்தத் தாய்க்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் நின்று பேசிய இடத்திலிருந்தே தொடங்கலாம். தொடக்கக் காலச் சிங்கப்பூரில் மனநோயுற்றோருக்கென்று தனி இடம் இல்லை. அவர்களைச் சிறையில்தான் அடைத்தார்கள். அங்கே அடைக்கப்பட்டிருந்த ஒருவர் 1840இல் கொல்லப்பட்ட பிறகுதான் ஆளுநர் பொன்ஹாம் விழித்துக்கொண்டார். 1841இல் பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் தெருவும் சந்திக்கும் மூலையில் 30 பேர் தங்கக்கூடிய ஒரு மனநோய் விடுதி எழுந்தது. 1860களின் தொடக்கத்தில் அது கண்டாங் கெர்பாவ் வட்டாரத்துக்கு இடம் மாறியது. மலாய் மொழியில் கண்டாங் என்றால் தொழுவம், கெர்பாவ் என்றால் எருமை. மாட்டுத் தொழுவங்களும் கால்நடை வணிகமுமாக இருந்த அந்தப் பகுதியைத்தான் இன்று லிட்டில் இந்தியா என்கிறோம். பஃபலோ சாலை என்ற பெயர் அதன் மிச்சம். தேக்காவில் பூ வாங்கப் போகும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே அண்மையில்தான் தெரிந்தது.

அதன்பின் 1887இல் காலேஜ் சாலை, 1928இல் இயோ சூ காங் சாலை என்று விடுதி நகரத்தை விட்டுத் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. 1951இல் அதற்கு உட்பிரிட்ஜ் மருத்துவமனை என்று பெயரிட்டார்கள். அவ்வட்டாரத்தில் இருந்த ஒரு மரப்பாலத்தை வைத்துச் சீனர்கள் வழங்கிய ஊர்ப்பெயரின் ஆங்கில வடிவம் அது. 1993இல் புவாங்கோக்கிற்கு மாறி, இன்று மனநலக் கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. வகுப்பில் பிள்ளைகள் சண்டையிடும்போது "நீ உட்பிரிட்ஜுக்குத்தான் போகணும்" என்று ஒருவரையொருவர் திட்டியதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் "சத்தம் போடாதே" என்றுதான் சொல்லியிருக்கிறேனே தவிர, அந்தச் சொல்லைத் திருத்தியதில்லை. இன்று அது உறுத்துகிறது.

அந்த விடுதிகளில் என்ன மருந்து இருந்தது? நோயைத் தீர்க்கும் மருந்து எதுவும் உலகில் எங்குமே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு மனநோய் விடுதிகளில் அபினும் குளோரலும் புரோமைடும் கொடுத்து நோயாளியைத் தூங்க வைத்தார்கள். அமைதியாகக் கிடந்தால் போதும். அதற்குமேல் யாரும் எதிர்பார்க்கவில்லை. அபினை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வருவேன்.

அடுத்த பக்கம் சாங்கியில். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட ஆஸ்திரேலியர்களில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவரும் ஒருவர். மூன்றரை ஆண்டுகள் சாங்கி முகாமில் கைதியாக இருந்தார். பசியும் நோயும் வாட்டிய அந்த முகாமில் மனம் பேதலித்தவர்களைக் கூர்ந்து பார்த்தார். இது உடலைச் சார்ந்த நோய், உடலில் ஏதோ ஒரு பொருள் மிகுவதாலோ குறைவதாலோ வருவது என்ற ஐயம் அவருக்கு வலுத்தது. போர் முடிந்து ஊர் திரும்பியதும் மெல்பர்ன் அருகே பண்டூரா மருத்துவமனையில், பயன்படாமல் கிடந்த ஒரு சமையல் சாமான் அறையை ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். கினிப் பன்றிகளை வைத்துச் சோதித்தார். அவர் எண்ணிய காரணம் தவறாகப் போயிற்று. ஆனால் சோதனையின் ஊடே பயன்படுத்திய லித்தியம் உப்பு அந்த விலங்குகளை அமைதிப்படுத்துவதைக் கண்டார். தாமே விழுங்கிப் பார்த்துவிட்டு நோயாளிகளுக்குக் கொடுத்தார். 10 பேரிடம் கண்ட பலனை 1949 செப்டம்பரில் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளியிட்டார். இருமுனை மனநோய்க்கு இன்றும் லித்தியம் முதன்மையான மருந்துகளுள் ஒன்று.

கேடின் முதல் நோயாளியின் கதையைத்தான் அந்தத் தாயிடம் நான் அதிகம் சொன்னேன். அவருக்கு வயது 51. ஐந்து ஆண்டுகளாக வெறி தணியாமல் விடுதியில் கிடந்தவர். 1948 மார்ச் இறுதியில் லித்தியம் தொடங்கியது. சில மாதங்களில் வீடு திரும்பிப் பழைய வேலைக்கே போய்விட்டார். பிறகு? நன்றாகத்தானே இருக்கிறோம் என்று மருந்தை விட்டுவிட்டார். சில மாதங்களில் மீண்டும் விடுதி. மீண்டும் லித்தியம். அளவு மிஞ்சினால் லித்தியம் நஞ்சு. அந்த நஞ்சினாலேயே 1950இல் இறந்தார். மருந்து வேலை செய்கிறது, மனிதர் அதை நிறுத்துகிறார், மருந்தே கேடும் செய்கிறது. இந்த மூன்றும் முதல் நோயாளியிடமே வந்துவிட்டன.

உட்பிரிட்ஜ் என்று பெயர் வைத்த மறு ஆண்டு, 1952இல், பாரிஸில் டிலே, டெனிக்கர் என்ற இரு மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தால் மனச்சிதைவு நோயாளிகள் தெளிவதைக் கண்டார்கள். உலகெங்கும் விடுதிக் கதவுகள் திறக்க அதுவே பெரிய காரணம். ஆனால் கை நடுங்கியது, உடல் விறைத்தது, முகம் மரத்தாற்போல் ஆயிற்று. அந்த நடுக்கத்தை அடக்க இன்னொரு மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இந்திய மருந்துக் கடைகளில் இத்தகைய மருந்துகளை மூன்றாகச் சேர்த்து ஒரே மாத்திரையாக விற்றதும் உண்டு. ஒரு மருந்தின் கேட்டைத் தடுக்க மற்றொரு மருந்து என்ற எண்ணம் புதிதன்று.

இங்கே ஒரு தமிழ்நாட்டுச் செய்தியைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. 2001 ஏப்ரலில் சிங்கப்பூரில், மனச்சிதைவு போன்ற நோய்களைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து சிகிச்சை தரும் திட்டத்தை மனநலக் கழகம் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவரப்பட்டவர்களை வைத்திருந்த ஒரு விடுதியின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டனர். மருந்து கண்டுபிடித்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் மனச்சிதைவு ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கியே 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. நம்மில் பலருக்கு இராமநாதபுரம் சொந்த ஊர். ஊர்ப்பக்கம் அழைத்துப் போய்க் கட்டிப்போட்டுவிட்டு வந்த கதைகளைச் சிராங்கூன் சாலையிலும் நான் கேட்டிருக்கிறேன்.

நிற்க. அந்த மாணவர் நிறுத்திய மருந்துக்கு வருவோம். ஓலன்சபின் என்ற மருந்து 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நடுக்கமும் விறைப்பும் பழைய மருந்துகளைவிடக் குறைவு. நன்றாக வேலையும் செய்தது. ஆனால் பசி அடங்காது, எடை கூடும், சர்க்கரையும் கொழுப்பும் ஏறும். அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2005இல் வெளிவந்தது. மனச்சிதைவு நோயாளிகளில் 74 விழுக்காட்டினர் 18 மாதங்களுக்குள் தமக்குத் தரப்பட்ட மருந்தைத் தொடராமல் விட்டனர். ஓலன்சபின் உண்டவர்களில் அது 64 விழுக்காடு, மற்றவற்றைவிட மேல். ஆனால் எடையும் சர்க்கரையும் ஏறியதால் நிறுத்தியவர்கள் இந்த மருந்தில்தான் அதிகம். அதைத் தயாரித்த நிறுவனம், ஒப்புதல் இல்லாத பயன்களுக்கு அதை விற்பனை செய்ததை ஒப்புக்கொண்டு 2009இல் ஏறத்தாழ 142 கோடி டாலர் கட்ட நேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருந்து நல்லது, விற்றவர்கள் எல்லாம் நல்லவர்களாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது.

எடைதானே என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 2010ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வில், சிங்கப்பூர் இந்தியர்களில் நீரிழிவு நோய் உள்ளோர் 17.2 விழுக்காடு, சீனர்களில் 9.7. பிறக்கும்போதே அந்தச் சுமையோடு பிறக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கு எடை ஏறுவது அழகைப் பற்றிய கவலை மட்டும் அன்று.

இனி அந்தக் கூட்டு மாத்திரை. லைபால்வி என்பது வணிகப் பெயர். ஓலன்சபினோடு 10 மில்லிகிராம் சாமிடார்ஃபன் சேர்ந்தது. மனச்சிதைவுக்கும், இருமுனை நோயின் கடுமையான முதல் வகைக்கும் 2021 மே மாதம் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. இருமுனை நோயில் தனியாகவும் கொடுக்கலாம், லித்தியத்தோடும் சேர்த்துக் கொடுக்கலாம். சாங்கிக் கைதியின் உப்பு இங்கேயும் வந்து நிற்கிறது. 2003இலேயே ஓலன்சபினோடு ஃப்ளூவாக்செட்டினைச் சேர்த்து ஒரு கூட்டு மருந்து வந்தது. அது இருமுனை நோயின் சோர்வு நிலைக்கு, வலிமையைக் கூட்டுவதற்காகச் சேர்த்தது. இந்த இரண்டாம் மருந்தோ நோய்க்காகச் சேர்த்ததே அன்று. முதல் மருந்தை நோயாளி தாங்கிக்கொள்வதற்காகச் சேர்த்தது.

சாமிடார்ஃபன் என்ன செய்கிறது? அபினும் மார்ஃபினும் மூளையில் சென்று ஒட்டும் இடங்கள் உண்டு. அவ்விடங்களை இது அடைத்துக்கொள்கிறது. அபின் அடிமைகளுக்குக் கொடுக்கும் நால்ட்ரெக்சோனுக்கு இது நெருங்கிய உறவு. உண்பதில் கிடைக்கும் இன்பத்திலும் அந்த இடங்களுக்குப் பங்கு உண்டு; அதை அடைத்தால் உணவின் ஈர்ப்புக் குறையும் என்பதே கருத்து. சிங்கப்பூரின் பிரிட்டிஷ் ஆட்சி தன் வருவாயில் பெரும்பங்கை அபினிலிருந்து பெற்றது. பாசிர் பாஞ்சாங்கின் பூக்கிட் சண்டு அந்தப் பெயரை இன்னும் சுமக்கிறது. நோயாளியை அடக்க அன்று அபினைக் கொடுத்தார்கள். இன்று அபின் நுழையும் கதவை அடைக்கும் மருந்தைச் சேர்க்கிறார்கள்.

பலன் எவ்வளவு? இங்கேதான் அந்தத் தாயின் முகம் சற்று மாறியது. 561 பேரிடம் 24 வாரங்கள் நடந்த ஆய்வில், ஓலன்சபின் மட்டும் உண்டவர்களுக்குச் சராசரியாக 6.59 விழுக்காடு எடை கூடியது. கூட்டு மாத்திரை உண்டவர்களுக்கு 4.21. அதாவது 70 கிலோ உள்ள ஒருவருக்கு நாலரைக் கிலோவுக்குப் பதில் மூன்று கிலோ. பத்து விழுக்காடோ அதற்கு மேலோ எடை கூடியவர்கள் 29.8 விழுக்காட்டிலிருந்து 17.8ஆகக் குறைந்தார்கள். இது சிறிதன்று. ஆனால் சர்க்கரையிலும் கொழுப்பிலும் இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மேலும் அந்த ஆய்வு எடை ஏறுவதைக் கட்டுப்படுத்துவது பற்றியது. ஏறிவிட்ட எடையை இறக்குவது பற்றியது அன்று. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மார்ஃபின், டிராமடால், கோடீன் போன்றவற்றை எடுப்பவர்கள் இதை உண்ணக்கூடாது. அறுவை சிகிச்சைக்குப் போனாலும், கோடீன் கலந்த இருமல் மருந்து வாங்கினாலும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

"அப்ப இது வேணாமா டீச்சர்?" என்றார். அதை நான் சொல்லக்கூடாது என்றேன். எடை அவ்வளவாக ஏறாத வேறு மருந்துகளும் இருக்கின்றன, அளவை மாற்றலாம், உணவிலும் நடையிலும் உதவ ஆட்கள் இருக்கிறார்கள். தானாக நிறுத்தியதை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும், திட்டுவார்களோ என்று மறைக்கக்கூடாது. 'மருந்தை நிறுத்தியது எடையால்தான். எனக்கு எடை அதிகம் ஏறாத வழி என்ன? என் சர்க்கரை அளவு என்ன?' இந்த மூன்று வரிகளையும் ஒரு தாளில் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிக் கொடுத்தேன்.

தாளை வாங்கிப் பையில் வைத்தவர், "நானே போய்க் கேக்குறேன்" என்றார். தம்பியிடம் கொடுங்கள், அவரே கேட்கட்டும் என்றேன். சென்ற வாரம் மருத்துவமனையிலிருந்து எனக்குத் தொலைபேசியில் பேசினார். தாளைத் தம்பிதான் கையில் வைத்திருக்கிறாராம். இன்னும் அவர்களுடைய எண்ணைக் கூப்பிடவில்லையாம்.