வாவிக்கரையிற் காதொலிக் கருவி

கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த வாவியைச் சுற்றி வைகறையில் நடப்போர், ஓடுவோர், சைக்கிள் மிதிப்போர் பலரது செவியிலே இன்று கம்பியில்லாக் காதொலிக் கருவியைக் காண்கிறோம்.

1923இல் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பிலிருந்து இசைத்தட்டின் ஒலியை வானில் பரப்பிக் காட்டினார். 1925இல் வானொலி நிலையம் முறையாகத் திறக்கப்பெற்றது. அக்காலப் பளிங்குப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஆனால் ஒலியோ மிக நுண்ணியது. கருவியை இரு செவியிலும் இறுக அணிந்து, கம்பியாற் பெட்டியோடு பிணைப்புண்டு, அசையாது அமர்ந்தோர்க்கே பாட்டுக் கேட்டது. அவர்கள் செவியடைத்திருந்தது வீட்டு நாற்காலியில், ஆபத்தொன்றுமில்லை.

1999இல் வெளியான புளூடூத் விதிமுறை அக்கம்பியை அகற்ற வழிசெய்தது. செவி விடுதலை பெற்று வீதிக்கு வந்தது. அடைப்பு மட்டும் நீங்கவில்லை. என் மாணவனொருவன் பேராதனை வீதியில் சைக்கிளிற் செல்கையில், பின்னால் வந்த பஸ்ஸின் ஒலியைக் கேட்டிலன். மயிரிழையில் உயிர் தப்பினான்.

ஆகவே வீதியிற் செல்வோர், கன்னத்தெலும்பின் வழியே ஒலியை அதிர்வாகச் செலுத்திச் செவித்துளையைத் திறந்தே விடும் வகையை நாடுக. வியர்வைக்கும் மலைநாட்டுத் தூறலுக்கும் ஐபிஎக்ஸ் 4 என்னும் குறியீடு போதும். எப்பக்கத்துத் தெறிப்பையும் அது தாங்கும். வாவியில் விழுந்தால் தாங்காது.