ஆதர் வோட்டனும் தொழில்முறை உதைபந்தாட்டத்தின் தொடக்க காலமும்

மன்னரும் மந்திரிகளும் போர்த்தளபதிகளுமே வரலாற்றின் நாயகர் என்ற கொள்கை இன்று பெரிதும் தளர்ந்துவிட்டது. உழைத்து வாழ்ந்த மக்களின் வரலாறும் எழுதப்படல் வேண்டும் என்பதைப் பலரும் ஏற்றுக்கொள்கின்றனர். ஆயினும் அவ்வாறு எழுத முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் சான்றுகள் பற்றியதாகும். எவருடைய வாழ்வு ஏட்டில் ஏறுகின்றது, எவருடையது விடுபடுகின்றது என்பதை விளக்க ஒரு தந்தையையும் மகனையும் இங்கு நோக்கலாம். தந்தை ஹென்றி வோட்டன், மெதடிஸ்த மதபோதகர். மகன் ஆதர் வோட்டன், உதைபந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட முதலாவது கறுப்பினத்தவர் எனப் பொதுவாகக் கருதப்படுபவர்.

ஆதர் 1865 ஒக்டோபர் 28ஆந் திகதி மேற்கு ஆபிரிக்காவின் பொற்கரையில், அக்ரா நகரைச் சேர்ந்த ஜேம்ஸ்ரவுணிற் பிறந்தார். அன்றைய பொற்கரையே இன்றைய கானா நாடாகும். தந்தை மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிரெனடாவிலிருந்து வந்தவர். ஆபிரிக்க, ஸ்கொத்லாந்துக் கலப்பு மரபினர். தாயார் பாந்தி இனத்து அரச குடும்பத்தைச் சார்ந்தவர். தந்தையின் வழியிற் சமயப் பணிக்கும் ஆசிரியப் பணிக்கும் பயிற்றப்படவென மகன் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1880களின் முற்பகுதியில் வட இங்கிலாந்தின் டார்லிங்ரன் நகரிலுள்ள கிளீவ்லண்ட் கல்லூரியில் அவர் பயின்றார். ஆனால் அவரை ஈர்த்தது பிரசங்க மேடையன்று, விளையாட்டு மைதானமே.

1886 யூலையில், லண்டன் ஸ்ராம்போர்ட் பிறிட்ஜ் மைதானத்தில் அமெச்சூர் மெய்வல்லுநர் சங்கம் நடத்திய போட்டியில், 100 யார் தூரத்தை அவர் 10 செக்கன்களில் ஓடி முடித்தார். அச்சங்கத்தின் போட்டிகளில் அதுவரை எவரும் அந்த நேரத்தை எட்டியிருக்கவில்லை. அடுத்த ஆண்டும் அப்பட்டம் அவருக்கே உரியதாயிற்று. இதே காலத்தில் டார்லிங்ரன் கழகத்தின் பந்துக்காப்பாளராக விளங்கிய அவரைப் பிறெஸ்ரன் நோர்த் எண்ட் கழகம் அழைத்துக்கொண்டது. 1887இல் இங்கிலாந்துச் சங்கக் கிண்ணத்தின் அரையிறுதி ஆட்டம் வரை முன்னேறிய அக்கழகத்தின் கோலைக் காத்தவர் அவரே.

இங்கு 'அமெச்சூர்' என்ற சொல்லின் பொருளை நோக்குதல் வேண்டும். பணத்துக்காக ஓடாதவர், ஆடாதவர் என்பதே அதன் பொருள். வேறு வருவாய் உடையவருக்கு அது எளிது. ஆலையிலும் சுரங்கத்திலும் நாட்கூலிக்கு உழைத்தவருக்கு அது எட்டாத ஆடம்பரமாகும். வட இங்கிலாந்தின் கழகங்கள் தொழிலாளரான ஆட்டக்காரருக்கு மறைவாக ஊதியம் வழங்கியமையாலேயே பெரும் பிணக்கு எழுந்தது. ஈற்றில் 1885 யூலையில் உதைபந்தாட்டச் சங்கம் தொழில்முறை ஆட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. ஆயினும் ஊதியம் பெறும் ஆட்டக்காரர் சங்கத்தின் குழுக்களில் அங்கம் வகிக்க முடியாதென விதியொன்றும் உடன் விதிக்கப்பட்டது. அவருடைய உழைப்பு வேண்டப்பட்டது; அவருடைய குரல் வேண்டப்படவில்லை. அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவு திறமையைப் பற்றியதன்று, வர்க்கத்தைப் பற்றியதே என்பதற்கு இவ்விதியே போதிய சான்றாகும்.

வோட்டன் இக்கோட்டைத் தாமாகவே கடந்தார். 1888இற் பிறெஸ்ரனை விட்டு நீங்கி, பணப்பரிசுக்கு ஓடும் ஓட்டக்காரரானார். அவர் நீங்கியதன் பின் தொடங்கிய 1888-89 பருவகாலத்தில் பிறெஸ்ரன் கழகம் 22 லீக் ஆட்டங்களில் ஒன்றிலேனுந் தோல்வியுறாது, சங்கக் கிண்ணத்தையும் வென்று பெரும் புகழெய்தியது. அப்புகழில் வோட்டனுக்குப் பங்கில்லை. 1889இல் றொதர்ஹாம் ரவுண் கழகத்தில் அவர் ஊதியம் பெறும் ஆட்டக்காரராகச் சேர்ந்தார். 1894இல் ஷெபீல்ட் யுனைற்றெட் கழகத்துக்குச் சென்றார். ஆனால் அங்கு வில்லியம் போக் என்ற பேருருவம் வாய்ந்த இளைஞரே முதன்மைப் பந்துக்காப்பாளராக இருந்தமையால் வோட்டனுக்கு வாய்ப்புகள் மிக அரிதாகவே கிட்டின. எனினும் 1895 பெப்ரவரியிற் சண்டர்லண்ட் கழகத்துக்கு எதிராக ஆடியதன் மூலம், லீக்கின் முதற்பிரிவில் ஆடிய முதலாவது கறுப்பினத்தவரானார்.

அக்காலப் பந்துக்காப்பாளர் எதிரணியினர் மோதித் தள்ளுவதையுந் தாங்க வேண்டியிருந்தது. வோட்டனோ கம்பத்தருகே குனிந்து காத்திருந்து, திடீரெனப் பாய்ந்து பந்தைக் குத்தி விரட்டுபவர். மேற்கம்பத்தைப் பற்றித் தொங்கியவாறு கால்களுக்கிடையே அவர் பந்தைப் பிடித்ததைத் தாம் கண்டதாக வாசகர் ஒருவர் 1942இல் ஷெபீல்ட் பத்திரிகையொன்றுக்கு எழுதினார். இத்தகைய ஆட்டத்தைக் கண்டு களித்த அன்றைய பத்திரிகைகளே அவரது நிறத்தைச் சுட்டும் இழிவான அடைமொழிகளாலும் அவரை அழைத்தன.

மீண்டும் றொதர்ஹாம், பின்னர் ஸ்ரேலிபிறிட்ஜ், அஷ்ரன், ஸ்ரொக்போர்ட் எனக் கழகம் மாறி மாறிச் சென்ற அவரது ஆட்டவாழ்வு 1902இல் முடிவுற்றது. இடையே தவறணை நடத்தியும் அவர் பிழைத்தார். ஈற்றில் யோக்ஷயரின் எட்லிங்ரன் நிலக்கரிச் சுரங்கத்திற் கூலித் தொழிலாளியானார். 1930 டிசம்பர் 13ஆந் திகதி காலமான அவர், பெயர் பொறித்த கல்லுமின்றி மூன்றாந்தரப் புதைகுழியில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

தந்தை 1873இற் காலமானார். இரண்டே ஆண்டுகளில், 1875இல், அவரது வாழ்க்கை வரலாறு லண்டனில் நூலாக வெளிவந்தது. மகனின் கல்லறைக்கு 1997இலேயே கல் நாட்டப்பட்டது. பில் வசிலி எழுதிய வரலாறு 1998இல், அவர் மறைந்து 68 ஆண்டுகளின் பின்னரே வெளியாயிற்று. தந்தை மகனிலும் பெருமை மிக்கவர் என்பதா இதன் பொருள்? அன்று. தந்தையைப் பணியில் அமர்த்திய மிசனுக்குக் கடிதங்களைப் பேணும் செயலகமும் வாசகர் கூட்டமும் இருந்தன. மகனைப் பணியில் அமர்த்திய கழகங்களுக்கோ, ஒப்பந்தம் முடிவதோடு அவருடனான உறவும் முடிந்தது. நிறவேற்றுமையும் மறதிக்குத் துணைநின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கூலிக்கு உழைப்பவனை உழைப்பு ஓய்ந்ததும் மறந்துவிடும் முறைமையையும் அதனோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

2014இல் இங்கிலாந்தின் தேசிய உதைபந்தாட்டப் பயிற்சி நிலையத்தில் வோட்டனுக்குச் சிலை நிறுவப்பட்டது. அச்சிலை பாயும் பந்துக்காப்பாளனையே காட்டுகின்றது. சுரங்கத்தில் உழைத்து முதுமையடைந்த வோட்டனுக்குச் சிலையில்லை. வரலாற்று மாணவர் தேடிக் காணவேண்டியவர் அவருமாவார்.