வரமும் உள்ளச் செம்மையும்: கிறிஸ்தியான்பேட்டை எழுப்புதல் (1860)

விவிலியத் தமிழில் 'வரம்' என்னும் சொல் சிக்கலின்றி வந்து அமர்ந்ததன்று. புராண மரபில் வரம் தவத்தின் பயன். பெறுவோனின் உள்ளம் தூயதா என்பது ஆங்கு வினாவாக எழுவதில்லை. இராவணனும் இரணியனும் வரம் பெற்றவர்களே. கிரேக்க மூலத்தின் 'காரிஸ்மா' என்பதோ ஈட்டப்படாது அருளப்படுவது. ஹென்றி பவரின் பெயரோடு இணைத்துப் பேசப்பெறும் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு, உரோமர் நிருபத்தில் இதனைக் 'கிருபைவரம்' என்றும், கொரிந்தியர் முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் 'வரங்கள்' என்றும் பெயர்க்கிறது. முன்னதில் 'கிருபை' என்னும் அடை தவத்தின் சாயலை விலக்குகிறது. பின்னதில் அக்காப்பு இல்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் சமாரியாவின் மாயவித்தைக்காரனாகிய சீமோன், ஆவியை அளிக்கும் ஆற்றலைப் பணத்தால் பெற முயல்கிறான். பேதுரு அவன்மீது கூறும் குற்றம் அவன் இருதயம் செம்மையாய் இல்லை என்பதே. 'செம்மை' என்ற தமிழ்ச்சொல் நேர்மை, கோணாமை ஆகிய இரு பொருளையும் ஒருங்கே தருவதால், இவ்விடத்தில் மொழிபெயர்ப்பு மூலத்திற்குச் சிறிதும் குறைந்ததன்று.

இம்மொழிபெயர்ப்பு நிறைவுறுவதற்குப் பதினோர் ஆண்டுகள் முன்னரே, வத்திராயிருப்பை அடுத்த கிறிஸ்தியான்பேட்டையில் இச்சிக்கல் வாழ்வில் எழுந்தது. ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) இரேனியுசிடம் பயின்றவர். அந்தோணி நாரிஸ் குரோவ்சின் தொடர்பால் மிஷன் ஊதியத்தைச் சாராது ஊழியம் செய்தவர். 1840இல் அவர் அமைத்த இக்குடியிருப்பில், 1860 மே மாதத் தொடக்கத்தில் மக்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதனர், நடுங்கி விழுந்தனர், பாவங்களை அறிக்கையிட்டனர். அந்நியபாஷையும் அதற்கு விளக்கமுரைத்தலும் அடுத்து ஜூன் மாதச் செய்தியாக வருகின்றன. அழுகை முன்னும் வரம் பின்னுமாக அமைந்த இவ்வரிசை தற்செயலாகத் தோன்றவில்லை. மனந்திரும்பாத வரத்திற்கு அருளப்பன் இடங்கொடுக்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெரு எழுப்புதல் 1906இல் நிகழ்ந்தது. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தோற்றத்தை அதிலிருந்து மட்டும் தொடங்கும் வரலாறுகள், 46 ஆண்டுகள் முந்திய இத்தமிழ்ச் சிற்றூரைக் கடந்து போய்விடுகின்றன. அருளப்பனின் நாட்குறிப்புகளை ஜி. எச். லாங் 1939இல் வெளியிட்டார். குரோவ்ஸ் வழிவந்த சகோதர சபையார் பலர் இத்தகைய வரங்கள் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்தன என்று கருதியவர்கள். அச்சபையைச் சேர்ந்த லாங்கே இவற்றைப் பதிப்பித்தது குறிப்பிடத்தக்கது.

அன்றைய மிஷனெரிமார் உடல்நடுக்கத்தை ஐயுற்றனர். ஆயினும் வாழ்க்கைத் திருத்தத்தை மறுக்க அவர்களால் இயலவில்லை. இது நேர்மையான அளவுகோல்தான். ஆனால் அது எல்லாவற்றையும் அளந்துவிடாது என்பதைத் திருவிதாங்கூர் காட்டிற்று. தமிழ் ஊழியர் வழியே 1873இல் அங்குப் பரவிய எழுப்புதலில் தலைமையேற்றவர், வித்துவான் குட்டி எனப்பட்ட யுஸ்துஸ் யோசேப்பு. பிராமண மரபிலிருந்து கிறித்தவத்தைத் தழுவிக் குருவான அவர், 1875இல் தனிச்சபை கண்டார். கிறிஸ்து 1881இல் வருவார் என்னும் தீர்க்கதரிசனத்தை அச்சபை உளமார நம்பியது, அது பொய்த்தது. நம்பியோரிடம் கபடம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆகவே உள்ளம் செம்மையாயிருந்தும் வரத்தின் சொல் பிழைபடக்கூடும். பிறர் தீர்க்கதரிசனத்தை நிதானித்தறிய வேண்டும் என்று பவுல் அதே நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் விதிப்பது இதன்பொருட்டே. யுஸ்துஸ் யோசேப்பு இயற்றிய மலையாளக் கீர்த்தனைகளோ கேரளத் திருச்சபைகளில் இன்றும் பாடப்பெறுகின்றன.