பித்தக்கற் கரைப்பின் வரலாறு

கல்லீரலின் கீழ்ப்புறத்தே அமைந்த பித்தப்பையிற் கல் உண்டாதல் மருத்துவர் நெடுங்காலமாக அறிந்த நோயாகும். அக்கல்லைக் கத்தியின்றிக் கரைத்து அகற்றுதல் கூடுமோ என்னும் வினா, இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக எழுந்தும் தணிந்தும் வந்துள்ளது.

18ஆம் நூற்றாண்டிலே பிரான்சு நாட்டு டிஜோன் நகர மருத்துவராகிய டுராண்ட் என்பார், ஈதரையும் தேர்ப்பந்தைன் எண்ணெயையும் கலந்து நோயாளர்க்கு உண்ணக் கொடுத்தார். பித்தக்கற்கள் பலவற்றின் முதன்மைக் கூறாகிய கொலஸ்திரோல் நீரிற் கரையாது. ஈதரிலோ எளிதிற் கரையும். ஆயினும், புட்டியிற் கல்லைக் கரைக்கும் ஈதர், வாய்வழிச் சென்று அதே செறிவோடு பித்தப்பையை அடைவதில்லை.

1882ஆம் ஆண்டு பேர்லினில் லாங்கன்பூக் என்னும் சத்திரவைத்தியர் பித்தப்பையை முழுமையாக வெட்டியகற்றினார். கல்லைத் தாங்குவதனாலன்று, கல்லை ஆக்குவதனாலேயே அப்பையை நீக்கல் வேண்டுமென்பது அவர் கொள்கை. கரைப்பு முறையை நாடியோர் அனைவரும் விடை கூற வேண்டியிருந்தது இக்கொள்கைக்கே.

1891இல் வாக்கர் என்பார் ஈதரைப் பித்தப்பையினுள் நேரே செலுத்திக் கல்லைக் கரைத்தமையை வெளியிட்டார். ஆனால் ஈதரின் கொதிநிலை ஏறக்குறைய 35 பாகை செல்சியசு. உடலின் வெப்பநிலையோ 37 பாகை. ஆதலின் உள்ளே சென்ற ஈதர் ஆவியாகி விரிந்து வேதனை விளைக்கும். 1972இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார், கீனோடியொக்சிகோலிக் அமிலம் என்னும் பித்த அமிலத்தை உண்ணக் கொடுத்துக் கல்லைக் கரைத்துக் காட்டினர். எனினும் அதற்குப் பல மாதங்கள் வேண்டியிருந்தன.

1985இல் அந்நிலையத்தாரே, பெற்றோலுடன் கலக்கப்பட்டுவந்த மெதைல் மூன்றாம்நிலைப் பியூற்றைல் ஈதரைக் கையாண்டனர். அதன் கொதிநிலை 55 பாகை. எனவே உடலினுள் அது திரவமாகவே நிற்கும். தோலையும் கல்லீரலையும் ஊடுருவிச் செலுத்திய நுண்குழாய் வழியே அதனைப் பித்தப்பையுட் புகுத்தியும் மீட்டும் சில மணி நேரங்களிற் கல்லைக் கரைத்தனர். 1989இல் வெளியான அறிக்கையின்படி, 75 நோயாளருள் 72 பேரின் கற்களிற் குறைந்தது 95 வீதம் கரைந்தது. ஆயினும் சுண்ணாம்பு மிகுந்த கற்களும் நிறக்கற்களும் அதற்கு இணங்கவில்லை. கரைந்தோரிலும் சிலர்க்குக் கல் மீண்டும் தோன்றியது.

அதே 1985ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஜேர்மனியில் எரிக் மூஎ என்னும் சத்திரவைத்தியர், சிறு துளைகளின் வழியே பித்தப்பையை அகற்றினார். பெரு வெட்டின் துன்பம் நீங்கவே, கரைப்பு முறையை நாடுதற்கிருந்த தலையாய காரணமும் நீங்கிற்று. 1990களில் புதிய சத்திரசிகிச்சையே எங்கும் பரவியது. இன்று சத்திரசிகிச்சைக்கு ஏலாத சிலர்க்கே, அதுவும் உண்ணும் பித்த அமிலங்கொண்டே, கரைப்பு மேற்கொள்ளப்படுகின்றது.

கரைப்பான் கல்லை வென்றது. கல்லை ஆக்கும் பையையோ அதனால் மாற்ற இயலவில்லை. நோயின் விளைவை அகற்றுதல் வேறு, அதன் விளைநிலத்தை அகற்றுதல் வேறு என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.