குறிகட்டுவானில் முடியும் கம்பி

பத்திரிகைத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற எனது நண்பர்களுள் சிலர் வீட்டுத் தோட்டத்தில் இறங்கினார்கள். சிலர் கோயில் பரிபாலன சபைகளில் சேர்ந்தார்கள். நானோ மின்கம்பிகளின் பின்னால் நடக்கத் தொடங்கினேன். கையில் ஒரு கமரா, தோளில் ஒரு தண்ணீர்ப் போத்தல், தலையில் தொப்பி. ஒரு கம்பத்தில் தொடங்கி, அதன் கம்பி போகும் வழியே நடந்து, அது முடியுமிடத்தைக் காண்பது. இதற்கு மேல் இந்தப் பொழுதுபோக்கில் எதுவுமில்லை.

இது எனது பைத்தியம் மட்டுமன்று. பிரித்தானியாவில் மின்கோபுரங்களை ரசிப்பவர்களுக்கென்றே சங்கம் ஒன்று இருக்கிறது. 1920களின் இறுதியில் அங்கே தேசிய மின்வலையமைப்புக்கான கோபுரங்கள் நிறுத்தப்பட்டபோது, நாட்டுப்புற அழகு கெட்டுவிடும் என்று படித்தவர்கள் பலர் கொதித்தெழுந்தனர். கோபுரத்தின் வடிவத்தைத் தெரிவு செய்ய சேர் றெஜினால்ட் புளூம்ஃபீல்ட் என்ற கட்டடக் கலைஞரை அமர்த்த வேண்டியிருந்தது. அன்று வெறுக்கப்பட்ட அதே கோபுரங்களை இன்று மழையில் நனைந்தபடி படம் பிடிக்கிறார்கள். ஆங்கிலத்தில் அவற்றுக்கு வழங்கும் பெயர், எகிப்தின் பழங்கோயில் வாயில்களுக்குக் கிரேக்கர் வைத்த சொல்லிலிருந்து வந்தது. ‘கோபுரம்’ என்னும் நமது சொல்லும் கோயில் வாயிலிலிருந்தே மின்சாரத்துக்குப் போயிருப்பதை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் வந்த வரலாற்றை மலைநாட்டிலிருந்துதான் சொல்லத் தொடங்க வேண்டும். நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று 1918 இல் கட்டுரை வாசித்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. தொடங்குவதும் நிற்பதுமாக இழுபட்ட லக்சபானாத் திட்டம் 1950 இல்தான் மின்சாரம் தந்தது. 1953 இல் காலமான அவர் அதைக் கண்ணால் கண்டுவிட்டே போனார். வடக்கில் சுன்னாகத்து டீசல் மின்நிலையத்தின் இரைச்சலைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு, பின்னாளில் அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி வழியாக உயர் அழுத்தக் கம்பிகளில் ‘லக்சபானா மின்சாரம்’ வந்தபோது, மலைநாட்டு ஆறே வீட்டுக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அந்த மின்சாரம் நின்றது. ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் திரியும் இட்டு எரித்த விளக்கையும், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி வானொலி கேட்ட இரவுகளையும் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது நான் பஸ்ஸின் யன்னலோரம் அமர்ந்து வந்தேன். வன்னியில் எனது கண்கள் கோபுரங்களைத் தேடின. கம்பியில்லாமல் நின்றவை சில. முறிந்து கிடந்தவை சில. அன்று நான் படம் எடுக்கவில்லை. அதற்குக் காரணமுண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் சோதனைச் சாவடி ஒன்றில், எனது பையிலிருந்த கமராவில் ஒரு மின்கம்பம் பதிவாகியிருந்ததற்காக அரைநாள் வெயிலில் நிறுத்தப்பட்டிருந்தேன். கம்பத்தைப் படம் பிடிப்பவன் அதைத் தகர்க்க நினைப்பவன் என்பது அக்காலத்துத் தர்க்கம். படச்சுருள் திரும்பிக் கிடைக்கவில்லை.

அந்தக் கடனைத் தீர்க்கத்தானோ என்னவோ, போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் தீவகக் கம்பியை நடந்தே பார்ப்பதென்று முடிவு செய்தேன். பண்ணைத் தாம்போதியில் விடியற்காலையில் இறங்கினேன். இருபுறமும் முழங்காலளவுக் கடல். மீனவர் கட்டிய களங்கண்டிகள். கம்பங்களின் உச்சியில் நீர்க்காகங்களும் செம்பருந்துகளும். வழிநடையாளனுக்குப் பயன்படும் ஒரு குறிப்பைச் சொல்கிறேன்: கம்பியைத் தாங்கும் பீங்கான் காவலித் தட்டுகளை எண்ணினால் மின்னழுத்தத்தை ஓரளவு ஊகிக்கலாம். 33 கிலோவோற்றுக்கு மூன்று தட்டுகள் அளவில் இருக்கும். 132 கிலோவோற்றுக்குப் பத்துத் தட்டுகளை அண்மிக்கும். கடற்காற்று கொண்டுவரும் உப்பு இத்தட்டுகளில் படியும். வறண்ட பகலில் தீங்கில்லை. பனி பெய்யும் இரவில் அந்த உப்பு ஈரமானால் அதன்மேலாக மின் கசியும். கீழே நின்றால் மெல்லிய சீறல் கேட்கும்.

அல்லைப்பிட்டி, வேலணை, வங்களாவடிச் சந்தி என்று நடந்து, மீண்டும் ஒரு தாம்போதி வழியே கடலைக் கடந்தால் புங்குடுதீவு. இங்கேதான் எனது நடை தளர்ந்தது. 1990 இலும் 1991 இலும் படையினர் இத்தீவுகளைக் கைப்பற்றியபோது மக்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறினார்கள். பலர் பின்னர் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சுவிஸ் நகரங்களிலும் வேர்கொண்டார்கள். புதிய கம்பங்கள் ஒழுங்கைகள்தோறும் நேராக நிற்கின்றன. அவற்றிலிருந்து வீட்டுக்குப் போக வேண்டிய கம்பியைத்தான் பல இடங்களில் காணவில்லை. கூரையற்ற கல்வீடு, முற்றத்தில் தானாக முளைத்த வடலிகள், வாசலில் புத்தம் புதிய கம்பம். இந்தக் காட்சியை மட்டும் அன்று நாற்பது தடவைக்கு மேல் படம் பிடித்திருப்பேன். ஒன்றும் சரியாக அமையவில்லை.

குறிகட்டுவான் இறங்குதுறையில் கம்பி முடிகிறது. அதற்கப்பால் கடல். இருபது நிமிடப் படகுப் பயணத்தில் நயினாதீவு. நாகபூசணி அம்மன் கோயிலின் கோபுரம் துறையிலிருந்தே தெரியும். தென்மேற்கே இன்னும் தொலைவில் நெடுந்தீவு. நான் சென்ற காலத்தில் அவ்விரு தீவுகளிலும் அனலைதீவிலும் டீசல் எஞ்சின் ஓடினால்தான் விளக்கு. எண்ணெயும் படகில்தான் வரவேண்டும். பெருநிலத்தவர் கொடுக்கும் அதே கட்டணத்தையே தீவார் கொடுப்பதால், எரியும் ஒவ்வோர் அலகும் மின்சார சபைக்கு நட்டமாகவே இருந்தது.

இந்தச் சின்னஞ்சிறு எஞ்சின்களைச் சுற்றி இரண்டு வல்லரசுகள் மோதிக்கொண்டன என்று அன்று எவராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். 2021 ஜனவரியில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியுடன் இம்மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டம் அமைக்கும் பணியைச் சீன நிறுவனக் கூட்டு ஒன்றுக்கு வழங்க இலங்கை அமைச்சரவை இணங்கியது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் தூரத்தில் சீனரா என்று இந்தியா ஆட்சேபித்தது. ஆண்டிறுதியில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் அதே தீவுகளுக்கு இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை. 2024 மார்ச் 1 இல் பெங்களூர் நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம். 1,700 கிலோவாற்று சூரிய மின்சாரம், 530 கிலோவாற்று காற்று மின்சாரம், மின்கலங்கள், காப்புக்கு டீசல். கொழும்பின் ஒரு பெரிய ஹோட்டல் தொகுதி இதைவிடக் கூடுதலாக விழுங்கக்கூடும். மூன்று ஆண்டுகள் நடந்த இந்த இழுபறியில், நெடுந்தீவு மக்களுடைய விருப்பம் எது என்று எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. எனது பழைய தொழிலைச் சேர்ந்தவர்களும் டில்லியையும் பீஜிங்கையும் பற்றியே பத்தி பத்தியாக எழுதினோம்.

நெடுந்தீவில் பவளக் கல் வேலிகளுக்கு மேலாகப் போகும் கம்பியை நான் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, சைக்கிளில் வந்த முதியவர் ஒருவர் இறங்கி நின்றார்.

“என்ன தம்பி, போஸ்ற்றைப் படம் எடுக்கிறியள்?”

எழுபதை நெருங்கும் என்னை ஒருவர் தம்பி என்றழைத்து நெடுநாளாகியிருந்தது. “சும்மாதான் ஐயா. கம்பி எங்கை போகுதெண்டு பார்க்கிறன்” என்றேன்.

“எங்கையும் போகாது. இஞ்சை தொடங்கி இஞ்சைதான் முடியுது” என்றவர், தனது வீட்டு வாசல் கம்பத்தையும் ஒரு படம் எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார். கனடாவிலிருக்கும் மகளுக்கு அனுப்ப வேண்டுமாம். எடுத்தேன். கம்பத்தை ஒரு கையால் பிடித்தபடி, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றார்.