கொடுத்துப் பெற்ற நம்பிக்கை

தம் சமயத்தில் உறுதியாய் நிற்பவர், பல சமயத்தார் வாழும் நாட்டில் ஒன்றி வாழ்வது எங்ஙனம்? நம் அரசியல் நிர்ணய சபை இதற்கு ஒரு விடை கண்டது.

சமயத்தைப் பரப்பும் உரிமையை உறுப்பினர் சிலர் எதிர்த்தனர். 1948 டிசம்பர் 6-இல், சென்னை மாகாணத்து இந்துக்களாகிய கே. சந்தானம், டி. டி. கிருஷ்ணமாச்சாரி, எல். கிருஷ்ணசாமி பாரதி ஆகியோர் அதனை ஆதரித்துப் பேசினர். உரிமை நிலைத்தது; இன்று அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவில் அது உள்ளது.

1949 மே மாதத்தில், சட்டசபைகளில் கிறிஸ்தவர்க்கென வகுத்திருந்த ஒதுக்கீடு கைவிடப்பட்டது. அதற்கு முன்னின்று இசைந்தவர், சபையின் துணைத் தலைவரான வங்கக் கிறிஸ்தவர் எச். சி. முகர்ஜி.

ஒருவர் உரிமை தந்தார்; மற்றவர் காப்பைத் துறந்தார். எவரும் தம் சமயத்தை விடவில்லை. வெளி மாநிலங்களில் சிறு தொகையினராய் வாழும் நாம் இதன் அருமையை நன்கறிவோம்.