குரலும் பரிசிலும்
வலையொலித் தளங்கள்: ஒரு வரலாற்று ஒப்பீடு

முன்னுரை

பாடியும் ஆடியும் பரிசில் பெற்று வாழ்ந்த பாணரும் பொருநரும் கூத்தரும் தமிழ் இலக்கியத்தின் தொடக்கக் காலத்திலேயே இடம்பெற்றுள்ளனர். பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிரே வருபவனுக்கு வள்ளலின் ஊரையும் அங்குச் செல்லும் வழியையும் எடுத்துரைப்பது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஆற்றுப்படை நூல்கள் ஐந்து. அவற்றுள் நான்கு இத்தகைய கலைஞரை வள்ளல்பால் ஆற்றுப்படுத்துவன. கலைஞனுக்குத் திறன் மட்டும் போதாது, அத்திறனுக்குப் பொருள் தருவார் எங்குள்ளார் என்னும் அறிவும் வேண்டும் என்பதை முன்னோர் நன்குணர்ந்திருந்தனர்.

பாட்காஸ்ட் எனப்படும் வலையொலி, குரலால் வாழ விழைவோர்க்கு இந்நூற்றாண்டு திறந்துவிட்ட வாயில். ஒலிவாங்கியும் கணினியும் உடைய எவரும் இதனுள் நுழையலாம். ஆயினும் நுழைந்தோர் எவ்வாறு பொருளீட்டுவது, எத்தளம் எவ்வளவு தருகிறது, தருவதற்கு ஈடாக எதனைப் பெற்றுக்கொள்கிறது என்னும் வினாக்கள் எளியன அல்ல. அவற்றிற்கான விடையை வரலாற்றின் வழியே காண இக்கட்டுரை முற்படுகிறது.

வானொலி காட்டிய வழிகள்

குரலை விலையாக்கும் சிக்கல் வலையொலியோடு தோன்றியதன்று, வானொலியோடு தோன்றியது. 1920 நவம்பர் 2ஆம் நாள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கே.டி.கே.ஏ. நிலையம் குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. அந்நிலையத்தை நடத்திய வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் வானொலிப் பெட்டிகளைச் செய்து விற்றது. பெட்டி விற்க வேண்டுமாயின் கேட்பதற்கு நிகழ்ச்சி வேண்டும். ஆதலின் நிகழ்ச்சியை இலவசமாக வழங்கியது.

இரண்டாவது வழி விளம்பரம். நியூயார்க்கில் ஏ.டி.அண்ட்.டி. என்னும் தொலைபேசி நிறுவனம் நடத்திய டபிள்யூ.இ.ஏ.எஃப். நிலையம், 1922 ஆகஸ்ட் 28ஆம் நாள் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதிக் குடியிருப்புகளைப் பற்றிய உரையொன்றைக் கட்டணம் பெற்று ஒலிபரப்பியது. தொலைபேசியில் பேசுபவரே கட்டணம் செலுத்துவது போல, வானொலியில் பேச விரும்புபவரும் செலுத்தட்டும் என்பது அந்நிறுவனத்தின் எண்ணம். அதே ஆண்டு பிரிட்டனில் பி.பி.சி. தோன்றியது. அங்குக் கேட்போர் ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் உரிமக் கட்டணம் செலுத்தினர். இது மூன்றாவது வழி.

கருவி விற்பவர், விளம்பரம் செய்யும் வணிகர், கேட்போர் ஆகிய மூவருள் ஒருவரே குரலுக்குப் பொருள் தருவோர் என்பது 1922ஆம் ஆண்டிலேயே தெளிவாகிவிட்டது. பின்வந்த வலையொலித் தளங்கள் அனைத்தும் இம்மூன்றின் கலவைகளே எனலாம்.

வலையொலியின் தோற்றம்

2001ஆம் ஆண்டையொட்டி டேவ் வைனர் என்னும் மென்பொருள் வல்லுநர், வலைத்தளங்களின் புதிய செய்திகளைத் தாமாகவே பயனரிடம் சேர்க்கும் செய்தியோடையில் ஒலிக்கோப்பையும் இணைத்தனுப்பும் முறையை உருவாக்கினார். தொலைக்காட்சித் தொகுப்பாளராக விளங்கிய ஆடம் கரி அம்முயற்சிக்குத் தூண்டுதலாக நின்றார். 2004 பிப்ரவரியில் கார்டியன் இதழில் எழுதிய பென் ஹேமர்ஸ்லி, இப்புதிய கலைக்குப் பெயராகலாம் எனச் சுட்டிய சொற்களுள் பாட்காஸ்ட் என்பதன் மூலமும் ஒன்று. ஐபாட் என்னும் கருவியின் பெயரும் ஒலிபரப்பு என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லும் இணைந்து அது பிறந்தது. 2005ஆம் ஆண்டின் சிறந்த சொல்லாக நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதி அதனைத் தேர்ந்தது.

2005 ஜூன் திங்களில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐட்யூன்ஸ் மென்பொருளில் வலையொலிகளுக்கு இடமளித்தது. இரண்டே நாளில் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட பதிவுகள் நிகழ்ந்தன என அந்நிறுவனம் அறிவித்தது. ஆயினும் ஆப்பிள் படைப்பாளரிடம் எதுவும் கேட்கவில்லை, எதுவும் கொடுக்கவுமில்லை. அதன் வருவாய் ஐபாட் விற்பனையில் இருந்தது. எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வெஸ்டிங்ஹவுஸ் சென்ற வழியிலேயே அதுவும் சென்றது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஒலிக்கோப்புகளைச் சேமித்து வழங்கும் பணியை லிப்சின் போன்ற நிறுவனங்கள் மேற்கொண்டன. 2004இல் தோன்றிய அதன் பிறப்பிடமும் பிட்ஸ்பர்க்கே. அது படைப்பாளரிடம் திங்கள்தோறும் கட்டணம் பெற்றது. எனவே தொடக்கக் காலப் படைப்பாளர் பொருளீட்டுபவராக இல்லை, பொருள் செலவிடுபவராகவே இருந்தார். அதற்கீடாக அவர் பெற்றது ஒன்றுண்டு: செய்தியோடையின் முகவரி அவருடையதாக இருந்தது. எந்தச் செயலியில் கேட்பினும் கேட்போர் அம்முகவரியையே நாடி வந்தனர். சேமிப்பு நிறுவனத்தை மாற்றினாலும் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு அவர்களை அழைத்துச் செல்ல முடிந்தது.

வணிகர் தரும் பொருள்

2014 அக்டோபரில் வெளிவந்த ‘சீரியல்’ என்னும் தொடர் வலையொலிக்குப் பெருங்கூட்டத்தைச் சேர்த்தது. பழைய கொலை வழக்கொன்றை வாரந்தோறும் ஆராய்ந்த அத்தொடரின் முகப்பில் ஒலித்த மெயில்சிம்ப் நிறுவன விளம்பரமும் புகழ்பெற்றது. அதே நவம்பரில் அத்தொடரினர் அடுத்த பகுதிக்காகக் கேட்போரிடமும் நன்கொடை வேண்டினர்; தேவையான பொருள் விரைவிலேயே கிட்டியது. வணிகர், கேட்போர் என்னும் இருசாராரும் ஒரே தொடருக்குப் பொருளளித்தமை இதனால் புலனாகிறது.

விளம்பர விலை ஆயிரம் பதிவிறக்கத்திற்கு இவ்வளவு எனக் கணக்கிடப்படுகிறது. அமெரிக்காவில் 2018இல் 47.9 கோடி டாலராக இருந்த வலையொலி விளம்பர வருவாய், 2021இல் 140 கோடி டாலரைக் கடந்தது என இன்டராக்டிவ் அட்வர்டைசிங் பீரோ கணக்கிட்டுள்ளது. இவ்வளர்ச்சிக்குத் துணைநின்றது, கேட்பவரின் நாட்டையும் நாளையும் அறிந்து அதற்கேற்ற விளம்பரத்தைக் கோப்பில் செருகும் தொழில்நுட்பமாகும். இதனால் பழைய நிகழ்ச்சிக்கும் புதிய விளம்பர வருவாய் கிடைத்தது. அதே தொழில்நுட்பம் கேட்பவர் வாழும் நாட்டிற்கேற்ப ஒரே குரலின் விலை வேறுபடவும் வழிசெய்தது.

விளம்பர வருவாயின் அடித்தளம் பதிவிறக்க எண்ணிக்கை. பதிவிறக்கம் செய்தவர் அனைவரும் கேட்டவர் ஆகார். 2023 செப்டம்பரில் ஆப்பிள் தன் ஐபோன் மென்பொருளின் 17ஆம் பதிப்பில், கேட்பதை நிறுத்திவிட்டோர்க்கும் நிகழ்ச்சிகள் தாமே இறங்கிக்கொண்டிருந்த முறையை மாற்றியது. பல வலையொலிகளின் எண்ணிக்கை உடனே சரிந்தது. கேட்போர் குறையாத நிலையிலும், கணக்கின் முறை மாறியதால் படைப்பாளரின் வருவாய்க்கு ஊறு நேர்ந்தது.

கேட்போர் தரும் பொருள்

ஆடம் கரியும் ஜான் டுவோராக்கும் 2007 முதல் நடத்திவரும் ‘நோ அஜெண்டா’ விளம்பரத்தை முற்றும் தவிர்த்துக் கேட்போர் நன்கொடையாலேயே நிலைபெற்றுள்ளது. இவ்வழியை அனைவர்க்கும் உரியதாக்கியது 2013இல் ஜாக் கான்டே, சாம் யாம் ஆகிய இருவர் நிறுவிய பேட்ரியான். பெயரே புரவலர் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லை நினைவூட்டுவது. இசைக்கலைஞரான கான்டே, பெரும்பொருள் செலவிட்டு உருவாக்கிய காணொளிக்கு விளம்பரப் பங்காகச் சிறுதொகையே கிடைக்கும் என்பதை உணர்ந்ததே இம்முயற்சிக்கு வித்து. தொடக்கத்தில் இத்தளம் 5 விழுக்காடு எடுத்துக்கொண்டது. 2019இல் வசதிகளுக்கேற்ப 5, 8, 12 விழுக்காடு என வகுத்தது. 2025 ஆகஸ்ட் முதல் புதிதாகச் சேர்வோர்க்குப் பங்கு 10 விழுக்காடு. பணப் பரிமாற்றக் கட்டணம் இதனின் வேறு.

பதினாறு ஆண்டுகள் ஒதுங்கி நின்ற ஆப்பிள், 2021 ஜூனில் சந்தா முறையைத் தொடங்கியது. படைப்பாளர் ஆண்டுக்கு 19.99 டாலர் செலுத்தல் வேண்டும். ஒருவரின் சந்தாவில் முதலாண்டு 30 விழுக்காடும் அதன்பின் 15 விழுக்காடும் ஆப்பிளுக்குச் சேரும். பேட்ரியான் தன் படைப்பாளர்க்குச் சந்தாதாரரின் மின்னஞ்சல் முகவரியைத் தருகிறது; ஆப்பிள் தருவதில்லை. விழுக்காட்டு வேறுபாட்டினும் இவ்வேறுபாடு பெரிது.

சீனத்தில் கேட்போர் வழி வேறு வகையில் வளர்ந்தது. 2012இல் ஷாங்காயில் தோன்றிய சிமலாயா 2016இல் பேச்சுக்கலை போன்ற பாடங்களை விலைக்கு விற்கத் தொடங்கிப் பெருவரவேற்பைப் பெற்றது. புரவலராகி ஆதரிப்பதற்கு மாறாக, அங்குக் கேட்போர் கல்விக்கு விலை கொடுத்தனர்.

மதில் கட்டிய தளங்கள்

2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை நிறுவனம் கிம்லெட், ஆங்கர் ஆகிய இரு நிறுவனங்களை வாங்கியது. முன்னது நிகழ்ச்சிகளைப் படைப்பது; பின்னது எவரும் இலவசமாக வலையொலி தொடங்க உதவுவது. 2020 மே திங்களில் ஜோ ரோகனின் புகழ்மிக்க நிகழ்ச்சியைத் தன்னிடம் மட்டுமே கேட்கக்கூடியதாக்க ஒப்பந்தம் செய்தது. படைப்பைத் தன் மதிலுக்குள் வைத்தால் கேட்போர் தேடி வருவர் என்பது அதன் கணிப்பு.

கணிப்பு பெரும்பாலும் பொய்த்தது. 2022 அக்டோபரில் கிம்லெட், பார்காஸ்ட் பிரிவுகளின் 11 நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன. மதிலுக்குள் அடைத்ததால் சில நிகழ்ச்சிகள் கேட்போரில் முக்கால் பங்கினர் வரை இழந்தன என்று அப்பிரிவுகளின் தொழிற்சங்கத்தினர் குற்றஞ்சாட்டினர். 2023 ஜூனில் ஏறத்தாழ 200 பேர் பணியிழந்தனர். 2024 பிப்ரவரியில் ரோகனோடு செய்துகொண்ட புதிய ஒப்பந்தம் அவர் நிகழ்ச்சியைப் பிற தளங்களிலும் ஒலிக்கவிட்டது. புகழ்பெற்றவர் மதிலைக் கடந்து வெளியேறினார். புகழ்பெறாத படைப்பாளர் பலர் தம் நிகழ்ச்சியையே இழந்தனர்.

2025 ஜனவரியில் ஸ்பாட்டிஃபை தொடங்கிய பங்காளர் திட்டம் விளம்பர வருவாயில் 50 விழுக்காட்டைப் படைப்பாளர்க்கு அளித்தது. பன்னிரண்டு நிகழ்ச்சிகள், முப்பது நாளில் 2,000 கேட்போர், 10,000 மணி நேரக் கேட்பு ஆகியன தொடக்கத்தில் விதிக்கப்பட்ட தகுதிகள். பின்னர் இவை தளர்த்தப்பட்டன. தொடங்கிய நாளில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாடுகளுக்கே அத்திட்டம் உரியதாயிற்று. ஒரே தமிழில் பேசினும் டொராண்டோவில் வாழ்பவர்க்குத் திறந்த வாயில், மதுரையில் வாழ்பவர்க்கு அன்று திறக்கவில்லை.

யூடியூப் 2007 முதல் விளம்பர வருவாயைப் பகிர்ந்து வருகிறது. வழக்கமான காணொளியில் படைப்பாளர் பங்கு 55 விழுக்காடு. 2018 முதல் 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் விளம்பரப் பங்கிற்கான தகுதியாக வகுக்கப்பட்டன. திங்களுக்கு 100 கோடிப் பேர் தன்னிடம் வலையொலி நுகர்வதாக 2025இல் அத்தளம் அறிவித்தது. புதியவரைக் கேட்போரிடம் சேர்ப்பதில் அதற்கு இணை அரிது. ஆயினும் அங்குள்ள சந்தாதாரரைப் படைப்பாளர் வேறிடம் அழைத்துச் செல்ல முடியாது.

தளங்கள் மறைவதும் உண்டு. 2008இல் தோன்றிய ஸ்டிட்சர் 2023 ஆகஸ்டிலும், 2018இல் தோன்றிய கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இலும் மூடப்பட்டன. செய்தியோடையைத் தம் கையில் வைத்திருந்தோரின் நிகழ்ச்சிகள் பிற செயலிகளில் தடையின்றி ஒலித்தன.

ஒப்பீடு

வேறுபாடு தெளிவுற ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்ளலாம். ஒருவர் நிகழ்ச்சியை ஆயிரம் பேர் கேட்கின்றனர். திங்களுக்கு நான்கு நிகழ்ச்சிகள். நிகழ்ச்சிக்கு ஒரு விளம்பரம், ஆயிரம் பேருக்கு 20 டாலர் எனக் கொண்டால் மொத்தம் 80 டாலர். வணிகரை நேரில் நாடியவர்க்கு முழுமையும் சேரும். 55 விழுக்காடு தரும் தளத்தில் 44, பாதி தரும் தளத்தில் 40 டாலர் சேரும். அந்த ஆயிரவருள் இருபதுபேர் மட்டும் திங்களுக்கு 5 டாலர் வழங்குவராயின் மொத்தம் 100 டாலர். அதில் பேட்ரியான் முறையில் 90 டாலரும், ஆப்பிள் முறையில் முதலாண்டு 70, பின்னர் 85 டாலரும் எஞ்சும். பரிமாற்றக் கட்டணம், ஆண்டுக் கட்டணம் ஆகியவற்றை இதிலிருந்து கழித்துக்கொள்ளல் வேண்டும்.

சிறுகூட்டம் உடையவர்க்கு விளம்பரத்தினும் கேட்போர் ஆதரவே பயன் மிக்கது என்பது இக்கணக்கால் விளங்குகிறது. கூட்டம் பெருகப் பெருக விளம்பரத்தின் வலிமை கூடும். ஏனெனில் நூறாயிரவருள் பொருள் தர முன்வருவோர் விகிதம் அவ்வாறே நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

முடிவுரை

எத்தளம் மிகுதியாகத் தருகிறது என்னும் வினா இன்றியமையாதது. எனினும் அது முதல் வினா ஆகாது. விழுக்காடுகள் மாறும். பேட்ரியானில் அது 5இலிருந்து 10 ஆயிற்று. ஸ்பாட்டிஃபையில் தகுதி வரம்பு தளர்ந்தது. கேட்போரின் அறிமுகம் எவர் கையில் உள்ளது, தளத்தை விட்டு நீங்கினால் அவர்களும் உடன்வருவரா என்பதே முதலில் வினவத்தக்கது. தனக்கெனச் செய்தியோடையும், புரவலரின் முகவரிப் பட்டியலும் உடையவர்க்கு யூடியூப்பும் ஸ்பாட்டிஃபையும் புதியவரைச் சேர்க்கும் சந்தைகளாக விளங்கும். அவை இல்லாதவர்க்கு அத்தளங்களே வீடும் நிலமுமாகி, வெளியேறும் நாளில் வெறுங்கையே எஞ்சும்.

பரிசில் பெறச் சென்ற பாணன் யாழைத் தன் தோளிலேயே சுமந்து சென்றான். ஓர் அரண்மனை வாயில் அடைபட்டாலும் மற்றொன்றை நாடும் உரிமை அதனாலேயே அவனுக்கு இருந்தது. இன்று குரலால் வாழ விழைவோர் மனங்கொள்ளத்தக்க ஆற்றுப்படை இதுவே எனலாம்.